நான்கு பின் குறைவு

என் கணவர் சபாபதி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸாக இருக்கிறார். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டர் கேட்கும் அளவில் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள். நிரந்தர உத்தியோகம் என்று அப்பா சம்மதித்தார்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். முதுகில் விசிறி சுற்றும். பேச்சு குறைவு. இந்த வீட்டில் எது ஓடினாலும் தன்னால்தான் ஓடுகிறது என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

மகன் சுதாகர் புது மதர்போர்டு வாங்கி வந்தான். அப்பாவின் வயரை அதில் செருகினான். நான்கு ஓட்டைகள் மிஞ்சின.

"அப்பாவுக்கு இருபது பின்தான். இது இருபத்திநாலு கேக்குது."

"எங்க காலத்துல இருபதே ஜாஸ்தி" என்றார் அவர்.

"மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. சேராதுன்னு சொன்னா அங்கயே குடுத்துட்டு வந்துடு."

அவருடைய வயர்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுத்தார். அவருக்கு லக்கேஜ் போட்டார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடை மாடியில் இருந்தது. நாங்கள் நடக்க நடக்க வராந்தா நீண்டது. எதிரே ஒரு பெண் வெறுங்கையோடு வந்தாள்.

"வீட்டுக்காரரைக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எடைக்குத்தான் எடுத்துக்கிட்டாங்க" என்றாள். "பித்தளைன்னு நெனச்சிருந்தேன். வெறும் தகரம்."

கடைக்காரர் பெயர் அந்தோணி. கணவரின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தார். விசிறி சுற்றியது.

"உயிர் இருக்கு. ஆனா லோடு தாங்காதுக்கா. சார்கிட்ட அஞ்சு வோல்ட்டு ஏகப்பட்டது இருக்கு. இப்ப யாரும் அஞ்சு கேக்கறதில்ல. எல்லாருக்கும் பன்னெண்டு வேணும்."

"பன்னெண்டும் குடுப்பேன்" என்றார் கணவர்.

"குடுப்பீங்க சார். அப்புறம் புகை வரும்."

கணவரின் விசிறி சத்தம் போட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

அந்தோணி என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் திரும்புங்கக்கா."

திரும்பினேன். பின்னலை ஒதுக்கிவிட்டு, பிடரியில் இருந்த பின்களை எண்ணினார்.

"இருபத்திநாலு. பன்னெண்டு வோல்ட்டுக்குத் தனியா நாலு. எல்லாம் கருக்கு அழியாம இருக்கு. இத்தனை வருஷமா யாரும் செருகிப் பாக்கலையா?"

"யாரும் கேக்கலை."

"அவளுக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றார் கணவர்.

கடையிலிருந்து இருவரும் வெளியே வந்ததும் எங்கள் வீடு இருந்தது.

சுதாகர் என்னை மேசைக்கு அடியில் உட்காரச் சொன்னான். என் பிடரியில் வயரைச் செருகினான். மதர்போர்டில் விளக்கு எரிந்தது. "சூப்பர்" என்று திரையைப் பார்த்துச் சொன்னான்.

என் முதுகில் விசிறி சுற்றத் தொடங்கியது. என்னிடம் இவ்வளவு கரண்ட் இருந்தது எனக்கே தெரியாது. தெருவுக்கே கொடுத்திருக்கலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அவருக்கு அது பிடித்திருந்தது.

"காபி" என்றார்.

"எழுந்தா வயர் கழண்டுக்கும். கம்ப்யூட்டர் அணைஞ்சுடும்" என்றேன்.

அவர் யோசித்தார். சுதாகரும் யோசித்தான். அப்பாவும் பிள்ளையும் அப்படிச் சேர்ந்து யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு இருவரும் வெளியே போய் நீளமான வயர் ஒன்று வாங்கி வந்தார்கள். இதற்கென்றே அளவெடுத்துச் செய்கிறார்களாம்.

அடுப்பு வரை எட்டுகிறது. துணி துவைக்கும் கல் வரை எட்டுகிறது. வாசல் வரை எட்டவில்லை.