முதல் மீன் மாட்டும் வரை

கோடை வந்துவிட்டால் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஊசிக்குக் கடையில் இருப்புக்கொள்ளாது. ஊசி என்பது அவன் பெயரில்லை. தொழில் தையல், ஆளும் ஒல்லி. கூட்டாளி வைத்த பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து யாராவது பேன்ட் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி வந்தால், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வாசலோடு அனுப்பிவிடுவான். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டதும் ஷட்டரை இழுத்துவிட்டு, தூண்டில் பையோடு ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொள்வான்.

வேனை ஓட்டுகிறவன் லிஃப்ட் மெக்கானிக். பதிலுக்கு ஊசி அவனுக்கு வைத்த பெயர் லிஃப்ட்டு. ஊசியின் கற்பனை வளம் அவ்வளவுதான். வாரம் முழுக்க அடுக்குமாடிகளின் உச்சியில் இரும்புக் கயிறுகளோடு மல்லுக்கட்டுகிற லிஃப்ட்டுக்கு, ஏரிக்கரையில் காலை நீட்டினால்தான் மூச்சே சீராகும். கரையோரம் வாடகைக்கு விடும் மர அறையில் தங்கிவிட்டு ஞாயிறு பொழுது சாய்வதற்குள் திரும்புவார்கள். பிடித்த மீனைச் சுட்டுத் தின்றது போக மிச்சம் வீட்டுக்கு என்று பேச்சு. மிச்சம் வீடு வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த இரண்டு பேருக்குள் இரண்டு சட்டங்கள் உண்டு. லிஃப்ட்டு தன் தூண்டில் முள்ளில் தானே புழு கோக்கக் கூடாது என்பது ஒன்று. எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் விரலில் கிரீஸ் வாடை போகாது, அந்த வாடைக்கு மீன் கிட்டவே வராது என்பது ஊசியின் தீர்மானம். அதனால் இரண்டு முள்ளுக்கும் ஊசிதான் புழுவைக் கோத்து, நூலால் சுற்றி ஒரு கட்டுப் போட்டுக் கொடுப்பான்.

இன்னொரு சட்டம் கொஞ்சம் விவகாரமானது. முதல் மீன் மாட்டும்வரை வீட்டு விஷயம் வாயைத் திறந்து பேசக் கூடாது. வெயில், வேன் டயர், யார் குறட்டை பெரிது என்று எதையும் பேசலாம். பெரிய சேதி எதுவானாலும் கரையில்தான், அதுவும் மீன் மாட்டிய பிறகுதான். போனில் சொல்வதெல்லாம் இவர்கள் கணக்கில் சேதியே இல்லை.

இந்தக் கிறுக்குத்தனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பொரு கோடையில் ஊசிக்குப் பெண் அமைந்தது. சந்தோஷம் தாங்காமல், தூண்டிலைத் தண்ணீரில் போடும் முன்பே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். அன்றைக்கு ஒரு மீனும் மாட்டவில்லை. அடுத்த வாரமே பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனாலும் லிஃப்ட்டு அன்றோடு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டான். ஊசி மனசு ஒடிந்து சுருண்டு கிடந்த அந்தக் கோடையில், ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்து ஹாரன் அடித்தவனும் அவன்தான். அந்தச் சத்தம் மட்டும் இல்லையென்றால் ஊசி படுக்கையை விட்டு எழுந்திருப்பானா என்பது சந்தேகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், இந்தக் கோடையின் நடுவில் ஒரு பெண்மணி கை நிறையத் துணியோடு கடைக்கு வந்தாள்.

“தங்கச்சிக்குக் கல்யாணம். முதல் நாளே கைக்கு வந்துரணும், இழுத்தடிக்கக் கூடாது.”

“குடுத்துரலாம்மா. மாப்பிள்ளை என்ன பண்றாரு?” அளவெடுக்கும்போது கேட்கிற வழக்கமான கேள்விதான்.

“லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறை, சனி ஞாயிறானா மீன் பிடிக்கக் கிளம்பிருவாராம். கல்யாணம் ஆச்சுன்னா அதெல்லாம் தானா நின்னு போயிரும்.”

ஊசியின் கையிலிருந்த அளவு நாடா நழுவிக் கீழே விழுந்தது.

முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நம்ம ஆளுக்கு ஒரு நல்ல வாழ்க்கை அமைந்துவிட்டதே என்று தனியாகச் சிரித்துக்கொண்டான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தானா நின்னு போயிரும். லிஃப்ட்டு கரையில் சொல்லப்போகிற சேதிக்கு இரண்டாவது பாதி ஒன்று இருக்கும், அது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊசி முடிவே கட்டிவிட்டான். சேதி வந்தால்தானே அதன் பாதி வரும்? மீன் மாட்டினால்தானே சேதி வரும்?

அந்தச் சனிக்கிழமை ஊசி புழுவுக்குப் போட்ட கட்டு, கட்டே இல்லை. துணியைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க ஒரு ஓட்டுத் தையல் போடுவார்களே, இழுத்தால் நூல் கையோடு வந்துவிடுமே, அந்த மாதிரி. தண்ணீரில் விழுந்த வேகத்திலேயே புழு தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் வெறும் முள்ளைத் தொங்கவிட்டுக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

“டேய் ஊசி, ஒரு விஷயம்…”

“மீன் மாட்டிருச்சா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன விஷயம்?”

லிஃப்ட்டு தக்கைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தூண்டிலை இழுத்து வெறும் முள்ளைப் பார்த்தபோது, “தின்னுட்டு ஏமாத்திட்டுப் போயிருச்சுடா” என்றான் ஊசி, கண்ணைப் பார்க்காமல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருவரும் பிரெட்டைப் பிய்த்துத் தின்றார்கள்.

அடுத்த வாரமும் இதே கூத்து. அதற்கடுத்த வாரமும். ஏரி மீன்களுக்கு ஓசி விருந்து நடந்தது. திரும்பி வரும் வழியில் லிஃப்ட்டு ஸ்டியரிங்கில் தாளம் போடவில்லை, பாட்டு முணுமுணுக்கவில்லை. சொல்ல வேண்டியதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறான் என்பது ஊசிக்கு நன்றாகத் தெரிந்தது. செய்வது அயோக்கியத்தனம் என்றும் தெரிந்தது. அடுத்த வாரம் ஒழுங்காகக் கட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். புழுவைக் கையில் எடுத்ததும் விரல் பயந்துவிடும்.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை ஹாரன் கேட்டு ஓடியவன், வேன் பக்கத்தில் அப்படியே நின்றான். முன் சீட்டில் ஒரு பெண்.

“இவங்களும் நம்மகூட வர்றாங்க,” என்றான் லிஃப்ட்டு. பிறகு ரொம்ப யோசித்து, “யாருன்னு மீன் மாட்டின பிறகு சொல்றேன்.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் பேக்கரியில கேக் அலங்காரம் பண்றேண்ணே. அது வேலை விஷயம்தானே, சொல்லலாம்ல?” என்றபடி, அவனுக்கு முன் சீட்டை விடக் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தாள். ஊசி முந்திக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். பின் சீட்டிலிருந்து பார்த்தால் பாதையே வேறு மாதிரி தெரிந்தது.

கரையில் அவன் வழக்கம்போல் இரண்டு முள்ளுக்கும் பொய்க் கட்டுப் போட்டான். மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது அவள் பின்வாங்கினாள்.

“ஐயோ, புழுவெல்லாம் எனக்கு வேணாம்ணே.” பையிலிருந்து பன் ஒன்றை எடுத்துக் கிள்ளினாள். கேக்குக்குப் பூ வைக்கிற விரல். மாவுருண்டையை முள்ளின் மேல் அழுத்திப் பிடித்து, கொக்கியே தெரியாமல் மூடிவிட்டாள். தூண்டிலை வீசக்கூடத் தெரியாமல் தொப்பென்று போட்டாள். ஊசி மனசுக்குள் சிரித்துக்கொண்டான். சிரித்து முடிப்பதற்குள் அவள் தக்கை தண்ணீருக்குள் போய்விட்டது.

கை நீள மீன். கரையில் கிடந்து துள்ளியது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரைக் கொக்கு பறந்தது.

லிஃப்ட்டு எழுந்து நின்று, மேடையில் ஏறிய மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “இவங்களை நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். வர்ற வெள்ளிக்கிழமை. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்.”

ஊசிக்குக் கண் கரித்தது. “நல்லா இருங்கடா” என்றான். அவ்வளவுதான் வந்தது. பிறகு இரண்டாவது பாதிக்காகக் காத்திருந்தான். “வேற ஏதாவது சொல்லணுமா?”

“ஆமா. கோட்டு நீதான் தைக்கணும். மீன் மாட்டினதும் சொல்லலாம்னு வாரக்கணக்கா உக்காந்திருந்தேன். இப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமாடா?”

தன் வினை தன் தலையிலேயே வந்து விழுந்ததை ஊசி யாரிடம் சொல்லி அழுவது? அளவு நாடா கடையில் இருந்தது. தூண்டில் நரம்பை வெட்டி, லிஃப்ட்டின் தோளுக்கும் மார்புக்கும் கைக்கும் வைத்து முடிச்சுப் போட்டு அளவெடுத்தான். சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதையும் ஒரு முடிச்சாகப் போட்டு இறுக்கிவிட்டான்.

அந்த வாரம் ஊசி தூங்கினானா என்று அவன் மெஷினைத்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை லிஃப்ட்டு கோட்டோடு வந்து நின்றபோது ஆபீசில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. சாட்சி என்று கூப்பிட்டதும் ஊசி போய்க் கையெழுத்துப் போட்டான். பெயரின் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி இறங்கியது. மணப்பெண்ணின் அக்கா எல்லாரிடமும் ஊசியைக் காட்டி, என் டைலர் என்று பெருமையடித்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. தூண்டில் பையைப் பரணில் போட்டுவிட்டு ஊசி கடையில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் ஒருவர் பேன்ட் இடுப்பைப் பிடிக்க வந்தார். “வாங்க சார்” என்று வரவேற்ற ஊசியைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்றுக் கல்யாணமானவன் இன்றைக்கு வருவானா, வந்தால்தான் நன்றாக இருக்குமா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு சாக்பீஸை எடுத்தான்.

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

பேன்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு ஊசி பரணில் ஏறினான். ஓடிப்போய்ப் பார்த்தால், புதுப்பெண் பின் சீட்டில் தலையணை வைத்துக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். முன் சீட்டு காலியாக இருந்தது.

“ஏறுங்கண்ணே,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “கல்யாணத்தை வெள்ளிக்கிழமை வெக்கச் சொன்னதே இதுக்குத்தான். சனிக்கிழமை வெச்சா இவரு ரிஜிஸ்டர் ஆபீசுக்கே தூண்டிலோட வருவாரு.”

ஊசி முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். கை காரணமில்லாமல் கதவையே தடவிக்கொண்டிருந்தது.

கரைக்குப் போனதும் லிஃப்ட்டு தன் முள்ளை எடுத்து நீட்டினான். “கோத்துக் குடு. இந்தத் தடவையாவது இறுக்கிக் கட்டுடா.”

ஊசி முள்ளை வாங்காமலே நிமிர்ந்தான். “உனக்குத் தெரியுமா?”

“இரும்புக் கயிறு பிடிக்கிற கைடா. வெறும் முள்ளுக்கும் புழுவுக்கும் வித்தியாசம் தெரியாதா? முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா இத்தனை வாரம் சும்மா உக்காந்திருந்தே? ஏன்டா?”

“நீ எதுக்குப் பயந்தேன்னு எனக்கு…” என்று லிஃப்ட்டு அவனைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தான். பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னும் மீன் மாட்டல. வீட்டு விஷயம் பேசக் கூடாது.”

இரண்டு பேரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஊசி அவசர அவசரமாக ஒரு கொழுத்த புழுவைத் தேடி எடுத்தான். முள்ளில் கோத்து, கோட்டுப் பொத்தானுக்குச் சுற்றுகிற மாதிரி நூலைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டான். அந்தக் கோடையில் முதல்முறையாக அவனுக்கு ஒரு மீன் சீக்கிரம் மாட்ட வேண்டியிருந்தது.