கோபத்தில் பிறந்த குளவிகள்

முட்டைக்கோஸ்காரியின் வாயிலிருந்து முதல் குளவி வெளியே வந்தபோது அவள் கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எறும்பைவிடச் சிறிய கறுப்புக் குளவி. தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாக முட்டைக்கோஸ் வயலுக்குப் போயிற்று.

அது அவள் அண்ணன் பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்து, பிறகு எழுந்திருக்காத வயல். இனி அங்கே ஒரு சொட்டு விஷம் விழக்கூடாது என்று ஜாடியில் குளவி வாங்கிவந்து விட்டிருந்தாள். குளவி, இலை தின்னும் புழுவுக்குள் முட்டையிட்டது; குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று வெளியே வந்து, அதன் மேலேயே அரிசி அரிசியாக வெள்ளைக் கூடு கட்டின. கணவன் அவற்றைப் புழுவின் முட்டை என்று நினைத்தான். மனைவியைக் கேட்கவேண்டியதுதானே? பூச்சிமருந்துக்கடைக்காரனைக் கேட்டான். "பொறுக்கி எரிச்சிட்டு மருந்தை அடி" என்றான் அந்தப் புண்ணியவான். அன்று காலை கூட்டையெல்லாம் எரித்துவிட்டு, பரணில் கிடந்த மச்சானின் ஸ்பிரேயரையே எடுத்து மாட்டிக்கொண்டு போய் அடித்தான்.

"யாரைக் கேட்டுய்யா அடிச்சே? எங்கண்ணன் உசுரைக் குடிச்ச மெஷினையா தூக்கினே?" சொல்லுக்கு ஒரு குளவி வந்தது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

வயல் பிழைத்தது. அடுத்த பருவம், "அக்கா, நம்ம வரப்புலயும் வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க" என்று அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்கள். திட்டு வாங்க ஆள் வேண்டுமே, கணவனும் கூடவே போனான். மருந்துக்கடைக்காரன் கடையில் ஈ ஓட்டினான். "கால்ல விழுந்துடுப்பா, கோபம் போயிடும்" என்று அவன்தான் யோசனை சொன்னான். கணவன் விழுந்தான், நிஜமாகவே அழுதான். அவள் மனம் இளகிவிட்டது. குளவி நின்றது. இலையெல்லாம் சல்லடையாயிற்று.

மருந்துக்கடைக்காரன் வயலுக்கே வந்துவிட்டான். "மருந்தைக் குறை சொல்லாதீங்கம்மா. மூக்குல துணி கட்டாம அடிச்சது உங்கண்ணன் தப்புதானே?"

செத்தவன் மேல் பழி போட எவ்வளவு திமிர்! அவள் வாயைத் திறந்தாள். பகல் இருண்டது. குளவிகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புழுக்களைத் தேடிப் போயின. அந்த வருடமே அவன் கடையை மூடினான்.

வருடங்கள் போயின. தலை நரைத்த கணவன் வரப்பில் உட்கார்ந்து, "இன்னுமா தீரலை?" என்று கேட்டான்.

"எங்கண்ணன் எந்திரிச்சு வரட்டும், தீரும்" என்றாள்.

அந்தச் சொல்லில் கிளம்பிய குளவிகள் பக்கத்து நாலு வயலுக்கும் போதுமானவையாக இருந்தன.