லேப்காரர் எழுதித் தராத வரி

தங்கத்தாய் அந்த பிலிம் சுருளைப் பதினெட்டு வருஷம் கழுவாமல் வைத்திருந்தாள். அவள் புருஷன் இசக்கிராஜ் மும்பை குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். மகள் விஜயராணிக்குக் காது குத்திய அன்று எடுத்த படங்கள் அவை. பிள்ளையை மடியில் வைத்து அவன் சிரித்ததைத் தங்கத்தாயே எடுத்திருந்தாள். அதற்குப் பதினோராம் நாள் அவன் ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனான். கல்யாண ஆல்பம் முந்தின வருஷ வெள்ளத்திலேயே போயிருந்தது. அப்பாவின் முகமென்று விஜயராணி பார்த்ததெல்லாம் வாக்காளர் அட்டையில் இருந்த கறுப்புத் திட்டு ஒன்றுதான்.

முதலில் கழுவக் காசில்லை. பிறகு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கடைசியில் தாராவியில் பிலிம் கழுவுகிற ஸ்டுடியோவே இல்லாமல் போயிற்று.

மாட்டுங்காவில் அப்படி ஒரு லேப் இன்னும் இருப்பதைக் கல்லூரியில் கேட்டு வந்து, விஜயராணிதான் அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். முதலாளி வைத்தீஸ்வரன் சுருளை வாங்கிப் பார்த்தார்.

"கலர் மங்கியிருக்கும். ஆனா முகம் தெரியும். கவலைப்படாதீங்கோ."

ஒரு வாரம் கழித்து நீளமான நெகட்டிவ் நாடா ஒன்றைக் கையில் கொடுத்தார். முதல் மூன்று படம் வந்திருந்தது: தண்ணீர் டிரம், பந்தலின் ஒரு மூலை, யாரோ ஒருத்தியின் முந்தானை. நான்காவதன் பாதியில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. அதற்கப்பால் கடைசிவரை ஒரே கறுப்பு.

"பிலிம் செத்துப்போயிடுத்தும்மா. இத்தனை வருஷம் பெட்டியில போட்டு வெச்சா என்ன ஆகும்?"

படியிறங்கியதும் விஜயராணி அம்மாவுக்காக நிற்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

தங்கத்தாய்க்கு அந்தக் கோடுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. பழசாகிக் கெட்டுப்போவது இப்படி நேர்கோடு போட்டா கெடும்? மறுநாள் தனியாகப் போனாள். லேப்பில் மெஷின் பார்க்கும் நாணு கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். அவள் விடவில்லை.

"மெஷின் நடுவுல சிக்கிடுச்சுக்கா. லைட் எரியறப்பவே முதலாளி மூடியைத் திறந்துட்டாரு. அவ்வளவுதான், வெளிச்சம் பட்டு எல்லாம் கறுத்துப் போச்சு."

"இத எம்மவகிட்ட ஒரு வார்த்த சொல்லுதியளா?"

"ரிட்டையராக ரெண்டு வருஷம் இருக்கு. என் பேரை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாடி ஏறினாள். அந்தக் கோடு எப்படி விழுந்தது என்று அவள் கேட்டதும் வைத்தீஸ்வரன் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, சேதமானால் புது பிலிம்தான் தரமுடியும் என்றார். அவள் நகராமல் நிற்கவே ஐயாயிரம் தருகிறேன் என்றார்.

"காசு வேண்டாம் சார். மூடியத் தொறந்ததால வெளிச்சம் பட்டுப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. எம்மவகிட்ட காட்டணும்."

அவர் முகம் மாறியது. "அதெப்படிம்மா எழுத முடியும்? நாளைக்கு நான் கடை நடத்த வேண்டாமா?"

விக்ரோலியில் அவள் துப்புரவு வேலை பார்க்கும் ஆபீஸில் ஒரு மேடம் மனு எழுதிக் கொடுத்தாள். நுகர்வோர் ஆணையத்துக்குப் பத்து மாதம் அலைந்தாள். போன நாளுக்கெல்லாம் சம்பளம் பிடித்தார்கள். கடைசியில் சமரசம் பேச உட்கார வைத்தபோது லேப்காரரின் வக்கீல் இருபதாயிரம் தருவதாகச் சொல்லி, இங்கிலீஷில் டைப் செய்த காகிதத்தை நீட்டினார். கூட வந்திருந்த விஜயராணி வாங்கிப் படித்தாள்.

"என்னட்டி போட்டிருக்கு?"

"பிலிம் பழசு, லேப் மேல தப்பு இல்ல, மனிதாபிமானத்துல பைசா தாறோம்னு."

"தப்பு இல்லங்கத அடிக்கச் சொல்லு."

அந்த வரியை அடித்தால் பணம் கிடையாது, வழக்கு இன்னும் இரண்டு வருஷம் இழுக்கும் என்றார் வக்கீல்.

"பஸ் கரோ, போதும்மா. இருபதாம் தேதி ஃபீஸ் கட்ட லாஸ்ட் டேட். பழசுதான அது?"

"பழசுனால போகலட்டி. வெளிச்சம் பட்டுத்தான் போச்சு."

"யாரு சொன்னா? பேரைச் சொல்லு."

வாய்வரை வந்துவிட்ட பெயரைத் தங்கத்தாய் விழுங்கினாள். மகள் பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். தங்கத்தாய் தமிழில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் விஜயராணி தாணேயில் இருக்கும் சித்திக்கு போன் போட்டாள்.

"நஹீ சித்தி, அப்பா படம் ஒண்ணுகூட வரல. அம்மா வருஷக்கணக்கா பெட்டில வச்சிருந்து கெடுத்துட்டா. பாவம், அந்த லேப்காரர் நல்ல ஆளு. தப்பே இல்லாம இருபதாயிரம் குடுத்தாரு."

தங்கத்தாய் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது. தண்ணீரை வடித்துவிட்டு, இன்னொரு முறை களைந்தாள்.