ஏழாவது கேள்வியைச் சோதித்தல்

1

1989. விடிந்ததும் எழுகிறேன். அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் அடிக்கிறேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் அரிசி போடுகிறேன். அது வேகும்வரை சவரம். முந்தின நாள் சட்டையை உதறிப் போட்டுக்கொள்கிறேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, திருச்சுழி பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறேன்.

ஒரு கதை இப்படித் தொடங்கினால் இரண்டாம் பத்தியில் யாராவது செத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சரி, செத்துவிட்டாள். பெயர் வேணி. என் மனைவி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவள் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தை பிழைத்தது. பெண், பெயர் ப்ரியா. அருப்புக்கோட்டையில் வேணியின் அம்மாவிடம் வளர்கிறது. நான் திருச்சுழியில்.

இந்தக் கதை துக்கத்தில் பிறக்கவில்லை. ஓர் அரசாங்கக் கேள்வியில் பிறந்தது. துக்கத்தில் பிறக்கும் கதைகளில் மழை பெய்யும். எங்கள் பக்கம் அதற்கெல்லாம் பெய்யாது.

2

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரப்போகிறது. அதற்கு முன்னால் கேள்விகளை மட்டும் சோதித்துப் பார்க்கும் ஒரு தற்காலிக வேலை. ஆட்களை எண்ணுவதல்ல, கேள்வி ஜனங்களுக்குப் புரிகிறதா என்று பார்ப்பது. புள்ளியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஏழாவது கேள்வி இது:

‘இக்குடும்பத்தின் உறுப்பினர்களாகக் கருதப்பட்டு, கடந்த ஆறு மாதங்களில் பெரும்பாலான நாட்கள் இவ்விடத்தில் வழக்கமாகத் தங்கியவர்கள் யாவர்?’

இதை எழுதியவர் ஒரு வீட்டில் பிறந்து அதே வீட்டில் பென்ஷன் வாங்குகிறவராக இருக்க வேண்டும்.

அச்சில் உள்ளபடி படிக்க வேண்டும், விளக்கக் கூடாது என்றார் பயிற்சி கொடுத்த அதிகாரி. பதில் சொல்பவர் தயங்கினால் மறுபடி படித்துவிட்டு, ‘தடுமாறினார்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.*

* கேட்பவர் தடுமாறினால் டிக் போடக் கட்டம் இல்லை. அதைச் சுட்டிக்காட்டினேன். “நீங்க ஏன் தடுமாறணும்?” என்றார் அதிகாரி. பட்டதாரி என்ற மரியாதை.

3

(இந்தப் பகுதியை முதலில், ‘கரிசல் மண்ணின் வெடிப்புகளில் காலம் தன்—’ என்று தொடங்கினேன். நிறுத்திவிட்டேன். வெடிப்பில் ஓர் ஓணான்தான் இருந்தது.)

எம்.ரெட்டியபட்டி. ஆவுடைத்தாய் என்ற பெண். வருஷத்தில் பாதி நாள் புருஷனோடு கமுதிப் பக்கம் விறகை எரித்துக் கரிமூட்டம் போடப் போகிறவள். கேள்வியைப் படித்தேன்.

“படுக்குறத கேக்குறியா தம்பி, சோறு திங்குறத கேக்குறியா?”

“வழக்கமாத் தங்குறது.”

“வழக்கம்னு ஒண்ணு இருந்தா நான் ஏன் கரிப்புகையில போயி வேகுறேன்?”

மறுபடி படித்தேன். அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏ ராக்கு, இவருக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா. பாவம், கூட ஒருக்கா படிக்கச் சொன்னா விழுந்துருவாரு.”

தண்ணீர் வந்தது, குடித்தேன். அதற்குள் தெருவே கூடிவிட்டது. ‘யாவர்’ என்பதை ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். நான் ‘தடுமாறினார்’ என்று டிக் போட்டேன். அவள் ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை.

4

இதுவரை மறைத்த ஒன்றை இங்கேயே ஒத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீடுகளில் பேசுவது கன்னடம். வேணியும் நானும் சிரித்தது, சண்டை போட்டது எல்லாம் அதில்தான். வெளியே நாலு பேர் முன்னால் மட்டும் தமிழ். எனவே அவளை இந்தக் கதையில் பேசவிட்டால் அது என்னுடைய மொழிபெயர்ப்பாக இருக்கும். அதனால்தான் இதுவரை அவள் வாய் திறக்கவில்லை.

மாமியார் லிங்கம்மாள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அருப்புக்கோட்டையில் எனக்கு ஒதுக்கிய தெருக்களில் அவர் தெருவும் இருந்தது. மாற்றித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. போனபோது குழந்தைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடியது. அந்தத் தெருவில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கேள்வியைத் தமிழில் படித்தேன். அவரும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

“மாப்ள, கேக்குறது நீங்களா, கவர்மெண்டா?”

“கவர்மெண்டு.”

“அப்பச் சரி. மரியாதையாச் சொல்றேன், எழுதிக்கங்க. அவுக, நானு, பையன் அரவிந்தன்.”

ப்ரியா தவழ்ந்து வந்து என் செருப்பை வாயில் வைக்கப் பார்த்தாள். அத்தை செருப்பைப் பிடுங்கி எட்டப் போட்டார்.

“நாலாவது இந்தா இருக்கு. இது எந்த வீடு?”

விதிப்படி மறுபடி படித்தேன். “இக்குடும்பத்தின் உறுப்பினர்களாகக் கருதப்பட்டு...”

“யாரு கருதணும்?”

விளக்கக் கூடாது. வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் சௌடப்பன் எச்சில் கையோடு வெளியே வந்தார்.

“கூட்டிட்டுப் போறதுன்னா போங்க மாப்ள. விடுறதுன்னா எங்க பிள்ளையா விட்டுருங்க. ஞாயித்துக்கெழம வந்து பிஸ்கட்டு குடுத்துட்டு ஓடுறதுக்கு அது என்ன ஆஸ்பத்திரியில கெடக்குதா?”

“பால்காரனத் தெரியுது அதுக்கு” என்றார் அத்தை. “உங்களத் தெரியல.”

மூன்றாவது தடவையும் படிக்க வாயெடுத்தேன். அத்தை உள்ளே போனார். ஒயர் கூடையில் பால் புட்டி, துணிகள், கிலுகிலுப்பை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

“வாங்க, பஸ்ஸு ஏத்தி விடுறேன். பிள்ளையோட ஊரு போய்ச் சேந்துட்டா உங்க வீட்டுல எழுதுங்க. தூக்கிட்டு எறங்கிட்டீகன்னா எங்க வீட்டுல எழுதுங்க. பெறகு மாத்தப்படாது.”

(லிங்கம்மாளை வாசகர் நம்புவாரா என்று யோசித்தேன். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர் இப்படிப் பேசுவாரா? இரண்டு இடத்தில் அழவிட்டுப் பார்த்தேன். அழுத லிங்கம்மாள் யாரோ வேறொருத்தியாக இருந்தார். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

5

சில முடிவுகள் கைவசம் உள்ளன.

குழந்தையோடு திருச்சுழி போய்ச் சேர்கிறேன். ஒரு டம்ளர் அரிசி ஒன்றரை ஆகிறது. தெருவே கண்ணைத் துடைக்கிறது. நான் வேலைக்குப் போனபின் குழந்தை யார் மடியில் இருக்கும் என்று கதை சொல்லாது. கண்ணைத் துடைத்தவர்கள் மடியில் நிச்சயம் இல்லை.

அல்லது, இறங்கிவிடுகிறேன். இதைத் தியாகம் என்றும் சொல்லலாம், கையாலாகாத்தனம் என்றும் சொல்லலாம். விமர்சகர்கள் ஒரே கட்டுரையில் இரண்டையும் சொல்வார்கள்.

அல்லது, அதிகாரியின் அறிக்கை. ‘ஏழாவது கேள்வி எளிதில் புரிகிறது. சிலர் தடுமாறினர், படிப்பறிவின்மை காரணம்.’ கேள்வியில் ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தார்கள். இது கதையில் நடந்தேவிட்டது. ஆனால் இதைக் கொண்டு ஒரு குழந்தையை எங்கே படுக்கவைப்பது?

6

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் இருந்த ப்ரியா என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கூடையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். டிரைவர் டீக்கடையிலிருந்து வந்து ஏறினார். என்ஜின் உறுமியது.

இதற்கு மேல் எழுத மாட்டேன். முதல் பகுதியில் உள்ள அரிசியை அளந்து முடிவைக் கண்டுபிடிக்கலாம் என்று பார்க்காதீர்கள். அது அன்று காலை வைத்த அரிசி. கட்டம் உங்களிடம் இருக்கிறது, டிக் போட்டுக்கொள்ளுங்கள்.

வேணியை மட்டும் ஒரு தடவை பேசவிடலாம்.

வளைகாப்பு முடிந்து மாமனார் அவளைக் கூட்டிப்போன நாள். திருச்சுழியில் அவள் பையை மேலே வைக்க பஸ்ஸில் ஏறியவன், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரமே வலி கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. அதனால் அன்று பஸ்ஸில் சொன்னதுதான் கடைசி. அதற்குப் பதிலாக, அவள் சொன்னதாக ‘நான் எங்க இருந்தாலும்—’ என்று ஒன்று எழுதினேன். ‘பிறக்கப்போற பிள்ளைய—’ என்று இன்னொன்று. இரண்டையும் பாதியில் விட்டேன்.

பஸ்ஸில் ஆட்கள் இருந்ததால் தமிழில் சொன்னாள். மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

“எறங்குங்க, பஸ்ஸ எடுக்கப் போறான்.”