பொன்னுவேலின் வாயில் ஒரு கொய்யா

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, பஸ்ஸில் பொறுக்கினேன். வருடம் 1963. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒருவர், மடியில் நாலு வயது மகள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "கு-கு-கு" என்றாள்.

"கொரங்கு. ஆமா, கொரங்குதான்," என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். சாலையோரம் நின்றது ஒரு குதிரை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பழனி மலையின் நீல முகடுகளை மேகம் தழுவ...' மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'பொன்னுவேலுக்கு ஆயக்குடி மண்டியில் கொய்யா ஏலம் கூறுகிற வேலை.' இது பரவாயில்லை; பஸ்ஸில் பார்த்தவருக்கு நான் வைத்த பெயர்தான் பொன்னுவேல். வாங்க வந்தவர் தொண்டையைச் செருமினாலே அவர் சொல்லவந்த விலையை இவர் கூவிவிடுவார். பதினைந்து வருடப் பழக்கம், வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. மகள் சண்முகவள்ளி திக்கித் திக்கித் தொடங்குவதையெல்லாம் அவரே முடித்துவைப்பார். பாசத்தில்தான். (ஊரார் பங்குக்கு வசம்பு, சங்குத் தண்ணீர், நாக்குக்குக் கீழே கூழாங்கல் என்று... போதும், அது முடிகிற பட்டியல் இல்லை.)

3

செண்பகனூரில் பேச்சுப் பயிற்சி தரும் விசாலாட்சி டீச்சர், குழந்தையை நாக்கை நீட்டச் சொல்லவில்லை. சொப்புச் சாமான்களைப் பரப்பி அரைமணி நேரம் அவளோடு விளையாடினார். பிறகு பொன்னுவேலைப் பார்த்தார்.

"ட்ரீட்மென்ட் பாப்பாவுக்கு மட்டுமில்லீங்க, உங்களுக்கும்தான்."

"எனக்கு வாய் நல்லாத்தான கெடக்கு, டீச்சரம்மா?"

"அதுதான் சிரமமே. தெனமும் பத்து நிமிஷம் அவகூட உக்காந்து வெளையாடுங்க. மெதுவாப் பேசுங்க. எவ்வளவு நேரமானாலும் அவ பேச்ச நீங்க முடிக்கக் கூடாது."

"ஒரு சொல்லு எடுத்துக் குடுத்தா என்னங்க தப்பு?"

"இப்பவே பாதி நேரம் வெரலக் காட்டித்தான் கேக்குறா. இன்னும் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தீங்கன்னா, பேசுறதையே விட்டுருவா."

மலை இறங்கும்வரை பொன்னுவேல் வாயே திறக்கவில்லை. நம்பாதவர்கள் கூடவே வந்த அவர் மனைவி தமயந்தியைக் கேட்டுக்கொள்ளலாம்.

4

முதல் நாள் ஒன்றரை நிமிடம் தாக்குப்பிடித்தார். இரண்டாம் நாள் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் பாதிக் கொய்யாவை வாயில் அடக்கிக்கொண்டு* மகள் முன்னால் உட்கார்ந்தார்.

கன்னம் உப்பிக் கண் பிதுங்கிய அப்பாவைச் சண்முகவள்ளி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ப-ப-பல்லு... வ-வலிக்குதா?" என்று கேட்டாள். முழுதாக, அவளாகவே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

* டீச்சர் சொல்லாத வைத்தியம். கேள்விப்பட்டபோது தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

5

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் இவள் பேச்சையெல்லாம் திக்கலே இல்லாமல் எழுதியிருந்தேன். அச்சுக்கோப்பவருக்குத் தொல்லை வேண்டாமே என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கும் பொறுமை இல்லை. பொன்னுவேலைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

6

சில மாதங்கள் கழித்து ஒரு காலை. பொன்னுவேல் மண்டிக்குக் கிளம்பிவிட்டார். வாயில் கொய்யா இல்லை. வாசலில் மண்டி ஆள் மலைச்சாமி.

"அண்ணே, கூடையெல்லாம் எறங்கிருச்சு. எல்லாரும் உங்களத்தான் தேடுறாங்க. வெரசா வாங்க."

சண்முகவள்ளி அப்பாவின் வேட்டியைப் பிடித்தாள். விரலால் எதையும் காட்டவில்லை.

"அப்பா, நீ... நீ... நீ..."

பொன்னுவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மலைச்சாமியைப் பொறு என்று கையமர்த்தினார். அவர் உதடு ஒருமுறை துடித்தது, மூடிக்கொண்டது.

நான் மூன்று முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். 'நீ போகாதே.' 'நீ பேசலாம்ப்பா.' மூன்றாவதில் அவள் தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்துபோய், தன் பெயரைக் கணீரென்று... வெட்கமாக இருக்கிறது, விடுங்கள். மூன்றும் என்னுடையவை. அவளுடையது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

உங்கள் உதட்டிலும் ஒரு சொல் வந்து நிற்பது தெரிகிறது. இந்தாருங்கள், ஒரு கொய்யா. கடித்துக்கொள்ளுங்கள்.