கழுத்து வருவதற்குள்

நாற்பத்தொரு மணி நேரம் பின்னியதை அவிழ்க்க ஜெரூஷாவுக்கு அரைப் படம் போதுமானதாக இருந்தது. இடைவேளை வருவதற்குள் ஸ்வெட்டர் மறுபடி நூலுருண்டைகளாகி சோபாவில் உட்கார்ந்திருந்தது. படத்தில் கதாநாயகன் இன்னும் வில்லனைக் கண்டுபிடிக்கவில்லை.

அவிழ்த்ததற்கு இரண்டு காரணம். ஒன்றை வீட்டில் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. பின்னல் சரியில்லை.

அவளுக்குப் படம் பார்த்துக்கொண்டே பின்னுகிற பழக்கம். எந்தப் படம் எந்த இடத்தில் ஓடியது என்று ஸ்வெட்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடிவிளிம்பு ஒரு மலையாளப் படம். அதில் யாரும் அதிகம் பேசவில்லை, பின்னல் கண்ணிகளும் ஒரே சீராக விழுந்திருந்தன. அதற்கு மேல் ஒரு கோர்ட் படம். குறுக்கு விசாரணை சூடுபிடிக்கப் பிடிக்க நூல் இறுகி, அந்த இடம் மட்டும் பெல்ட் போட்டது மாதிரி உள்ளே போயிருந்தது. பேய்ப் படத்தை குரோம்பேட்டை தியேட்டரில் பார்த்தாள். இருட்டில் கை தானாகப் பின்னும் என்ற நம்பிக்கையில் ஊசியோடு போனாள். கை தானாகத்தான் பின்னியது, பேய் வந்தபோதெல்லாம் இரண்டு கண்ணியைத் தவறவிட்டு. போதாததற்கு ஆகஸ்ட் மாதப் புழுக்கம். உள்ளங்கை வியர்த்து, நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. பவுடர் பூசிக்கொண்டு பின்னிப் பார்த்தாள். சாம்பல் நிறக் கம்பளி மாவில் புரண்டெழுந்த மாதிரி ஆனது.

இரண்டாவது காரணம் அளவு. அது அவளுடைய அளவு.

லடாக்கில் மேகங்களை ஆராயும் ஒரு நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ப்ராஜெக்ட். செப்டம்பர் கடைசியில் கிளம்ப வேண்டும். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு மேடவாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஒளிவிலகலை வருஷா வருஷம் நடத்திக்கொண்டிருந்தவள், மின்னஞ்சலை நாலு தடவை படித்துவிட்டு, சம்மதம் என்று பதில் போட்டாள். தோழி ஓவியாவிடம் சொன்னாள். அவள் அன்றைக்கே விமான டிக்கெட்டும் போட்டுவிட்டாள். வீட்டில்தான் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள்.

முன்பு ஒரு முறை பெங்களூரில் வேலை வந்தது. மம்மி போகாதே என்று சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது ஜெரூஷாவின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். டாடியும் ரசத்தைக் கலக்கியபடி பார்த்தார். மூன்றாம் நாள் ஜெரூஷாவே வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டாள். சண்டை என்றால் சமாளிக்கலாம். பார்வைக்கு என்ன பதில் சொல்வது? இந்த முறையும் அப்படி ஆகிவிட்டால் மேகங்கள் அவள் இல்லாமலேதான் போகும், வரும்.

"யாருக்குடி இது?" என்று மம்மி மெட்டில்டா முதல் வாரமே கேட்டாள்.

ஜெரூஷா நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பதில் சொல்லத் தாமதித்தால் பதிலையும் தானே சொல்லிவிடுவது மெட்டில்டாவின் வழக்கம்.

"டாடிக்குத்தான? நெனச்சேன். டிசம்பர்ல வாக்கிங் போயிட்டு வந்து லொக்கு லொக்குன்னு இருமுறாரு. உனக்கு மனசு கேக்கல."

ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சத்தம் ஜெரூஷாவிடமிருந்து வந்தது. மம்மி ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு சபைப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டாடி அசரியா ரயில்வே ஆபீசில் இருக்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். தாம்பரத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, "பொண்ணு பின்னுது சார். ஜூன் மாசம்னாலும் போடுவேன்" என்றாராம்.

பிறகுதான் மம்மி பின்னிய வரைக்கும் எடுத்து டாடியின் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இது உங்க டாடியோட ஒரு கைக்குக்கூட பத்தாது. அவுத்துடு." டேப்பை எடுத்து டாடியின் மார்பைச் சுற்றினாள். "நாப்பத்தி நாலு. மறந்துடாத."

ஜெரூஷா தலையாட்டினாள். அவிழ்த்தாள். அன்று மாலையே முப்பத்தாறு அங்குலத்துக்கு மறுபடி கண்ணி போட்டாள்.

துணிச்சல் என்று சொல்ல முடியாது. வட்ட ஊசியில் பின்னும்போது கண்ணிகள் நெருங்கிக் குவிந்து கிடக்கும். எடுத்து விரித்தால்தான் அகலம் தெரியும். அதுவரை யார் கேட்டாலும் டாடி அளவு. கழுத்து வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

ஓவியா ஓ.எம்.ஆர். ஆபீசிலிருந்து திரும்பும்போது தினமும் போன் பண்ணுவாள். மேடவாக்கம் சிக்னலில் தண்ணி லாரிகளுக்கு நடுவில் அவளுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.

"சொல்லிட்டியா?"

"பாதி முதுகு வந்துடுச்சு."

"நான் ஸ்வெட்டரக் கேக்கல."

"நீ குடுத்த நாவல முடிச்சுட்டேன்டி. பக்கத்த துணி க்ளிப்பு போட்டு நிறுத்திகினு, பின்னிகினே படிச்சேன். கொலைகாரன் யாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுது. அவன் வாயத் தொறந்து ஒத்துக்கறதுக்கு முந்நூறு பக்கம் ஆவுது. செம கடுப்பு."

"உனக்கா? அத நீ சொல்ற?"

ஜெரூஷா அடுத்த கண்ணியை ஊசியில் ஏற்றினாள்.

"பேசாம அந்த ஸ்வெட்டர எனக்குக் குடுத்துடு" என்றாள் ஓவியா. "எங்க ஆபீஸ் ஏசிக்கு லடாக்கே தேவல. நீ இங்கயே இருந்து ஒளிவிலகல் நடத்து."

அது உறைத்தது. அந்த வாரக் கடைசியில் ஜெரூஷா ஒரு திட்டம் போட்டாள். பனிமலையில் எடுத்த ஒரு படத்தைத் தேடிப் பிடித்து, மூன்று பேருமாக உட்கார்ந்து பார்க்க வைத்தாள். படம் முடிந்ததும் பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும். டாடி பெயர் போடும்போதே தூங்கிவிட்டார். மம்மி கடைசிவரை பார்த்தாள்.

"இங்கெல்லாம் மனுஷங்க எப்பிடிடீ இருக்காங்க? துணி எப்பிடி காயும்?"

"காயும் மம்மி. அங்க காத்துல ஈரமே இருக்காது."

"உனக்கெப்பிடி தெரியும்?"

இதோ, என்று நினைத்தாள். வாய் வரைக்கும் வந்தது. மம்மி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பிசிக்ஸ்" என்றாள் ஜெரூஷா.

அதற்கப்புறம் அவள் மெதுவாகப் பின்னிப் பார்த்தாள். சரியாக இருந்த வரிசைகளில் தப்புக் கண்டுபிடித்து அவிழ்த்தாள். ஆனால் இரண்டாம் முறை கை நன்றாகப் பழகிவிட்டிருந்தது. பார்க்கவென்று வைத்த படங்களும் மந்தமாக ஓடின. தவறவிடக் காரணமே கிடைக்கவில்லை. இதுவரை பின்னியதிலேயே அழகான பின்னல் இதுதான் என்பது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. செப்டம்பர் நடுவில் தோள் இணைந்தது. கழுத்து வந்தது.

கடைசிக் கண்ணியை முடித்து நூலைக் கத்தரித்தபோது மம்மி பக்கத்தில்தான் நின்றாள்.

"கை பின்றதுக்கு முன்ன ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம். ஏங்க, இங்க வாங்க."

டாடி சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு ஃபேனுக்குக் கீழே வந்து நின்றார். தலையை ஒரு முறை கோதிக்கொண்டார். போட்டோ எடுக்கப் போவது மாதிரி இருந்தது.

"டாடி, வேணாம், இன்னும் நீராவி காட்டி இழுத்து விடல..." என்று ஜெரூஷா ஆரம்பித்தாள்.

"கையத் தூக்குங்க" என்றாள் மம்மி.

கைகள் ஓட்டைகள் வழியே மேலே போயின. தலை உள்ளே போனது. வெளியே வரவில்லை. ஸ்வெட்டர் டாடியின் அக்குளைத் தாண்டி இறங்கவும் இல்லை.

"மெட்டில்டா" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வெளிச்சம் தெரியுது. வழி தெரியல."

"மூச்ச உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன். இனிமே விட்டாத்தான் இழுக்க முடியும்."

மம்மி பின்னால் போய், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "நாப்பத்தி நாலுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். மிச்ச இஞ்ச்செல்லாம் எங்கடி போச்சு?"

"இழுக்காத, கண்ணாடி, கண்ணாடி" என்றார் டாடி.

"கண்ணாடியக் கழட்டாமயா உள்ள போனீங்க?"

ஜெரூஷா எழுந்து நின்றாள். உதவத்தான் எழுந்தாள். எதிரே தூக்கிய இரண்டு கைகளும் நடுவில் ஒரு சாம்பல் நிற உருண்டையும் இருந்தன. மம்மி அந்த அகலமான முதுகுக்குப் பின்னால் முழுசாக மறைந்திருந்தாள். அறையில் ஒரு முகம்கூட இல்லை.

"அது உங்க அளவு இல்ல டாடி" என்றாள்.

"அது தெரியுதும்மா" என்றது ஸ்வெட்டர்.

பின்னால் இழுப்பது நின்றது. மம்மியின் தலை எட்டிப் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும். ஜெரூஷா கண்ணிகளைப் பார்த்தபடி வேகமாகச் சொன்னாள்.

"என் அளவு. எனக்குத்தான் பின்னுனேன். லடாக்ல வேல கெடச்சிருக்கு, ரெண்டு வருஷம். சரின்னு எழுதிட்டேன். இருபத்தெட்டாம் தேதி கெளம்பறேன்."