மறுக்கக் கூடாத பங்கு

சுட்டு வீழ்த்திய மலையாட்டின் வயிற்றைக் கிழித்த காசிமாலி கத்தியைக் கீழே வைத்துவிட்டான். ஈரல் முழுக்கச் சீழ்க்கட்டிகள். போன வருடம் இப்படி ஓர் ஆட்டை உரிக்கும்போதுதான் அவன் விரலில் கீறல் பட்டது. எந்த ஊசிக்கும் புண் அடங்காமல், கடைசியில் விரலையே எடுத்தார்கள். பட்டிச் செம்மறிகளும் மலையாடுகளும் ஒரே ஓடையில் குடிக்கின்றன. செம்மறிக்குப் போட்ட மருந்துகளுக்குப் பழகிய கிருமி மலைக்கும் ஏறிவிட்டது என்றார் மருத்துவர்.

பக்கத்து வீட்டுச் சாதிர் குதிரையில் வந்து நின்றார்.

"ஷிரால்கா" என்றார்.

வேட்டைக்காரனிடம் அந்தச் சொல்லைச் சொன்னவருக்குப் பங்கு உண்டு. மறுத்தால் துப்பாக்கியின் ராசி போய்விடும்.

"தர முடியாதுண்ணே. ஈரலைப் பாருங்க."

"ஈரலை வீசிட்டுத் தொடையைக் குடுடா. மருமக நிறைமாசம். காட்டுக்கறி கேக்கிறா."

"அவதானே இதைக் கையால நறுக்கணும்?"

"கஞ்சப்பயலே, உங்கப்பன் யாரையும் வெறுங்கையோட அனுப்பினதில்ல."

காசிமாலி கையுறையைக் கழற்றி, நான்கு விரல் கையை நீட்டினான்.

"எனக்கே மருந்து கேக்கலண்ணே. வயித்துப்பிள்ளைக்காரிக்குக் கேக்குமா?"

சாதிர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காசிமாலி குழி வெட்டி, மண்வெட்டியால் ஆட்டை உள்ளே தள்ளி மண்ணைப் போட்டு மூடினான். ராசியைக் கொடுத்தவன் அல்லா, எடுத்தால் எடுக்கட்டும்.

"வீட்டுக்கு வாங்க. ஊசியே படாத, அந்த ஓடைப்பக்கமே போகாத கிடா ஒண்ணு இருக்கு. அதுதான் உங்க பங்கு."

சாதிர் குதிரையிலிருந்து இறங்கினார். "பிஸ்மில்லா" என்று சொல்லி, நாய் நரி தோண்டாதபடி ஒரு பெரிய கல்லைத் தூக்கிக் குழியின் மேல் வைத்தார்.